பிடிப்பது தேயும்

மாண்டலின் வாசிப்பவரைப் பார்க்கும்போது நம் கண் அவருடைய விரல்களிலேயே நிற்கும். இடது கை மெட்டுகளில் ஓடுவதையும் வலது கை படபடவென்று மீட்டுவதையும் பார்த்துக்கொண்டிருப்போம். வாத்தியத்தின் தலைப்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. அங்கே பக்கத்துக்கு நான்காக எட்டுக் குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கம்பியைப் பிடித்திருக்கிறது. எட்டுக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது அவை சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோவுக்கு மேல். வாசிக்கும் நேரத்தோடு முடிந்துபோகும் இழுப்பு இல்லை இது. பெட்டிக்குள் மூடி அலமாரியில் வைத்த பிறகும், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும் அது ஓய்வதில்லை. அதை எதிர்த்து நிற்பவை இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு பற்சக்கரங்களும் திருகுகளும்தான்.

1920களின் அமெரிக்க மாண்டலின்களையோ, அவற்றைப் பார்த்து இன்று செய்யப்படும் பழைய பாணி மாண்டலின்களையோ வைத்திருப்பவர்களுக்கு, கீ என்று சொல்லப்படும் இந்தக் குமிழும் சக்கரமும் என்றாவது ஒரு நாள் தொல்லை கொடுக்கத் தொடங்கும். குமிழைத் திருப்பினால் கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்காது. பிறகு கம்பி திடுக்கென்று ஏறும். அல்லது குமிழ் இறுகிப்போய் அசைய மறுக்கும். அல்லது சேர்த்த சுருதி ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். கடைக்குக் கொண்டுபோனால், “கீ போச்சு சார், செட்டா மாத்திடுங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். மாற்றுவதா, செப்பனிடுவதா என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. பார்வைக்கு அது செலவுக் கணக்கு. ஆனால் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது என்றால் என்ன, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன.

மாண்டலினுக்கு ஆதியில் பற்சக்கரம் கிடையாது. வயலினைப் போல மரப் பிருடைகள்தான். கூம்பு வடிவ முளை, கூம்பு வடிவத் துளை; அழுத்தித் திருகினால் மரத்தோடு மரம் உரசி நின்றுகொள்ளும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வாத்தியம் செய்துவந்த வினாச்சியா குடும்பத்தின் பாஸ்குவாலே வினாச்சியா 1835 வாக்கில் மாண்டலினைத் திருத்தி அமைத்தபோது எஃகுக் கம்பிகளைக் கொண்டுவந்தார்; கூடவே இயந்திரக் கீகளையும் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எஃகு எளிதில் நீண்டு கொடுக்காது. முனையில் ஒரு இம்மி நகர்ந்தாலும் சுருதி பெரிதாக மாறிவிடும். அவ்வளவு நுட்பமாக ஒரு மரப் பிருடையைத் திருப்ப விரலால் ஆகாது. வயலினிலும் எஃகுக் கம்பிக்கு மட்டும் வால்பக்கம் தனியாக ஒரு நுண்திருகு வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். காரணம் அதேதான்.

அதன்பிறகு மாண்டலின் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. மிச்சிகன் மாநிலத்தின் காலமசூ ஊரில் ஓர்வில் கிப்சன், குடம் போன்ற முதுகை விட்டுவிட்டு, வயலினைப் போல மேற்பலகையைச் செதுக்கி வளைத்த மாண்டலினைச் செய்தார். 1898-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் 1902-ல் தொடங்கிய நிறுவனத்தில் 1919 முதல் 1924 வரை வேலை பார்த்த லாயிட் லோர் என்பவரின் காலத்தில், 1922-ல் எஃப்-5 என்ற வகை வந்தது. இன்று ‘பழைய பாணி’ என்று சொல்லி விற்கும் பெரும்பாலான மாண்டலின்களுக்கு அதுவோ, அதற்கு முந்தைய ஏ வகையோதான் மூலம். சுருள் வடிவத் தோள், கருமை படர்ந்த பழுப்புச் சாயம், தலையின் பின்னால் அலங்காரமாக வெட்டிய நீளத் தகடு, அதில் வரிசையாக நான்கு கீகள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தத் தகட்டில்தான் நம் கதை.

தகட்டின் மேல் இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. குமிழோடு சேர்ந்த திருகு ஒன்று. கம்பி சுற்றியிருக்கும் தண்டின் அடியில் மாட்டிய பற்சக்கரம் இன்னொன்று. திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். சக்கரத்துக்குப் பதினான்கு பல் என்றால் தண்டு ஒரு தடவை சுழல, குமிழைப் பதினான்கு தடவை திருப்ப வேண்டும். விரலின் சிறு பலம் பெருகுவது இப்படித்தான். ஆனால் இந்த அமைப்பின் உண்மையான அற்புதம் வேறு. திருகு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. லாரிக்கு அடியில் வைக்கும் திருகு ஜாக்கியை ஒரு ஆள் கையால் சுற்றி வண்டியைத் தூக்கிவிடுகிறான். கையை எடுத்த பிறகு அத்தனை பாரம் அழுத்தியும் ஜாக்கி தானாகத் திரும்பி இறங்குவதில்லை. இங்கேயும் அதுதான் நடக்கிறது. ஒரு கம்பி எட்டு, ஒன்பது, பத்துக் கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கிறது; குமிழ் அசைவதில்லை. பூட்டு இல்லை, கொக்கி இல்லை, நிறுத்துவதற்கென்று தனியாக எதுவும் இல்லை.

அப்படியானால் நிறுத்துவது எது? உராய்வு. திருகின் சரிவு மிகவும் குறைவாக இருப்பதால், பல் அதை எவ்வளவு அழுத்தினாலும் உராய்வு அந்த அழுத்தத்தை விழுங்கிவிடுகிறது. இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது உராய்வை நாம் எதிரியாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். எண்ணெய் போடுவதும் மெருகேற்றுவதும் அதைக் குறைக்கத்தான். இந்த இடத்தில் உராய்வு முற்றிலும் இல்லாமல் போனால், அடுத்த நொடியே எட்டுக் குமிழ்களும் பம்பரமாகச் சுழன்று கம்பிகள் எல்லாம் தொய்ந்து விழும். சுருதியைக் காப்பாற்றுவது உராய்வு. பல்லைத் தின்பதும் அதே உராய்வு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, காப்பதை மட்டும் வைத்துக்கொண்டு தின்பதைத் தள்ளிவிட வழி கிடையாது.

இது செய்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வழக்கமாகத் திருகை எஃகிலும் சக்கரத்தைப் பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்கிறார்கள். ஒரே உலோகம் ஒன்றையொன்று உரசினால் இரண்டும் கடித்துக்கொண்டு பிய்ந்துபோகும். ஒன்று மென்மையாக இருந்தால் அது மட்டும் மெல்ல, சீராகத் தேயும். ஆக, தேய்வு என்பது எதிர்பாராமல் வந்து சேர்ந்த கெடுதல் இல்லை. எது தேய வேண்டும் என்பது உட்பட முதலிலேயே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சக்கரத்திலும் எல்லாப் பற்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. கம்பியைச் சுருதிக்கு ஏற்றி நிறுத்திய பிறகு சக்கரம் அந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. அப்போது திருகோடு கோத்து நிற்கும் ஒன்றிரண்டு பற்களே மாதக்கணக்கில் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. மற்றவை சும்மா நிற்கின்றன. கம்பி மாற்றும்போது அரைச் சுற்றுக் கூடவோ குறையவோ சுற்றி, இதுவரை வேலை செய்யாத பற்களைத் திருகுக்கு எதிரே கொண்டுவந்தால், போய்விட்டது என்று நினைத்த கீ இன்னும் சில ஆண்டு ஓடுவதும் உண்டு.

எவ்வளவு நுட்பமான வேலையை இவற்றிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. மாண்டலினில் கம்பிகள் இரட்டை இரட்டையாக ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். ஏ கம்பி இரண்டும் நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 440-லும் மற்றது 442-லும் நின்றால், சேர்த்து மீட்டும்போது நொடிக்கு இரண்டு தடவை ஒலி பொங்கி வடியும். காதுள்ள யாருக்கும் அது கேட்கும். இந்த இரண்டு அதிர்வு வித்தியாசம் உண்டாக, வழக்கமான கனமுள்ள எஃகுக் கம்பி எவ்வளவு நகர வேண்டும்? கம்பியின் குறுக்களவையும் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் வருகிறது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஒரு கம்பியின் முழு இழுப்பையும் தாங்கிக்கொண்டு முடியின் தடிமனுக்குள் நிற்க வேண்டும் என்பது அந்தச் சக்கரத்துக்கு நாம் இட்டிருக்கும் கட்டளை. பல்லில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்து ஆட்டம் கண்டாலே, அது நெகிழ்ந்து கொடுக்கும் தருணத்தில் சுருதி காது கூசும் அளவுக்கு இறங்கிவிடும்.

கர்நாடக இசைக்கு வந்த மாண்டலினில் இந்தச் சுமை இன்னொரு வடிவம் எடுத்தது. ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969-ல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-ல் 45 வயதில் மறைந்த உ. ஸ்ரீனிவாஸ், இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகள் பூட்டிய மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். முதலில் நான்கு கம்பி, பிறகு ஐந்து. கமகம் வேண்டுமென்றால் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தாக வேண்டும். இரண்டு கம்பிகளை ஒரே அளவில் இழுப்பது எளிதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பியின் விறைப்பு ஏறி இறங்குகிறது. ஒரு கச்சேரியில் இப்படி எத்தனை ஆயிரம் தடவை! கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் கம்பி பழைய இடத்துக்கே திரும்பி வந்து சேர்கிறது. சுரம் விலகிப் போய்த் திரும்புவதைத்தான் நாம் கமகம் என்று ரசிக்கிறோம். திரும்புவதற்கு ஓர் இடம் அசையாமல் இருந்தால்தான் விலகுவதற்கு அழகு வரும்.

சரி, கீ தொல்லை கொடுக்கிறது. முதலில் அது கீயின் குற்றம்தானா என்று பார்க்க வேண்டும். இந்த விசாரணையை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. கம்பி தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் நட் என்கிற எலும்புத் துண்டு இருக்கிறது. அதன் வெட்டுக்குள் கம்பி வழுக்கி ஓட வேண்டும். வெட்டு குறுகலாக இருந்தால் கம்பி அங்கே சிக்கிக்கொள்ளும். குமிழைத் திருப்பத் திருப்ப விறைப்பெல்லாம் நட்டுக்கு மேலேயே சேரும்; பிறகு ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு மொத்தமும் கீழே பாயும். கேட்பவருக்குக் கீ குதிப்பதுபோலத் தோன்றும். வெட்டைச் சற்று அகலப்படுத்தி, பென்சில் முனையால் கொஞ்சம் கரியைத் தேய்த்துவிட்டால் பாதிக் கீகள் அன்றே குணமாகிவிடும். கம்பியைத் தண்டில் சரியாகச் சுற்றாவிட்டாலும் சுருதி இறங்கும். புதுக் கம்பி நீண்டு கொடுத்து அடங்கும் வரையிலும் இறங்கும். வெயிலிலிருந்து குளிர்சாதன அறைக்குள் வந்தாலும் மாறும். சக்கரத்தைத் தண்டோடு இறுக்கும் சிறு திருகாணி தளர்ந்திருந்தாலே பெரிய ஆட்டம் தெரியும். அதற்குத் தேவை ஒரு கால் சுற்று இறுக்கம் மட்டுமே.

இறுகிப்போன கீக்கும் இதே விசாரணைதான். கம்பியைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது லேசாகச் சுழன்றால், கம்பியின் இழுப்பில் தண்டு சாய்ந்து துளையின் ஓரத்தை உரசுகிறது என்று பொருள். கம்பி இல்லாமலும் இறுக்கமாக இருந்தால், தகட்டின் திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். அதோடு இளகினால் தகடு கோணலாகப் பொருந்தியிருக்கிறது. முழுத் தகட்டையும் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பும்போது எல்லாம் வெண்ணெயாக ஓடினால் உலோகத்தில் பழுதே இல்லை. மரத்தில் போட்ட துளைகளுக்கும் தகட்டின் தண்டுகளுக்கும் இடைவெளி ஒத்துவரவில்லை. கையில் இருக்கும்போதும் இறுகினால்தான் வளைந்த தண்டு, சேர்ந்த அழுக்கு, உலர்ந்த கிரீஸ். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் நூறு வயதுக் கீயும் மறுபடி பேசும். சொட்டு ஒன்றுதான், மீறினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும்.

பிடித்துக்கொண்டிருக்கும் உறுப்பின் மேல்தான் முதல் பழி விழும் என்பதை இந்த விசாரணை காட்டிக்கொடுக்கிறது. சிக்கல் எங்கே இருந்தாலும் அது வெளியே தெரிவது பிடி நெகிழும் இடத்தில்தான். அங்கே கை வைப்பதும் எளிது, மாற்றுவதும் எளிது. காரணத்தைத் தேடிக் கம்பியின் வழியே பின்னால் நடந்து போகப் பொறுமை வேண்டும்.

விசாரணை முடிந்து, குற்றம் கீயிடம்தான் என்று உறுதியாகும் நேரமும் வரும். பழைய அமெரிக்க மாண்டலின்களில் அதற்கு அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. 1920களின் நடுப்பகுதி வரை கிப்சன் மாண்டலின்களின் தகட்டில் திருகு மேலேயும் சக்கரம் அதற்குக் கீழேயும் இருந்தன. கம்பி தண்டை எப்போதும் கீழ்நோக்கி, கழுத்தின் பக்கம் இழுக்கிறது. அதனால் சக்கரம் திருகை விட்டு விலகப் பார்க்கிறது. துளை கொஞ்சம் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் விலகல் கூடும். கூடக்கூடப் பற்கள் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தேயும். பிற்காலத்தில் திருகைக் கீழே கொண்டுவந்தார்கள். இப்போது அதே இழுப்பு சக்கரத்தைத் திருகோடு நெருக்கி வைக்கிறது. பாரம் குறையவில்லை, உலோகம் மாறவில்லை. பிடியைப் பிரித்துக்கொண்டிருந்த விசை, இடம் மாற்றி வைத்ததும் பிடியை இறுக்கத் தொடங்கியது. பழைய பாணி என்பதற்காக இன்றும் அந்த மேல்திருகு அமைப்பையே விரும்பிச் செய்து தருகிறார்கள். பழைய வாத்தியங்களின் துளைகளுக்கும் திருகாணித் தடங்களுக்கும் அதுவே பொருந்தும் என்பதும் ஒரு காரணம்.

மாற்றுவது என்று முடிவு செய்தாலும் கடையில் கிடைக்கும் புதுத் தகடு அப்படியே உட்காராது. இன்று பரவலாகக் கிடைக்கும் மாண்டலின் கீகளில் தண்டுக்கும் தண்டுக்கும் இடைவெளி சுமார் 23 மில்லிமீட்டர். பழைய துளைகள் அதிலிருந்து ஒவ்வொரு இடைவெளிக்கும் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தால்கூட, நான்காவது தண்டு முக்கால் மில்லிமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். அதைத் தட்டி உள்ளே இறக்கினால் புதுக் கீ பழைய கீயைவிட இறுகும். துரப்பணத்தை எடுத்துத் துளையைப் பெரிதாக்குவது அந்த நேரத்தில் மிகச் சுலபமான வழியாகத் தெரியும். நல்ல கைவினைஞர் அதைக் கடைசி வரை தள்ளிப்போடுவார். உடைந்தது ஒரு சக்கரம் என்றால் வேறொரு பழைய செட்டிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து மாட்டிப் பார்ப்பார். துளை தேய்ந்திருந்தால் கெட்டி மரத்தால் அடைத்துச் சரியான அளவில் மறுபடி போடுவார், அல்லது உள்ளே புஷ் என்கிற சிறு குழலை இறக்குவார். பழைய அளவுக்கே செய்த கீ கிடைக்குமா என்று தேடுவார். கழற்றிய பழைய செட்டை ஒரு பையில் போட்டு வாத்தியப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுப்பார்.

அந்தப் பையின் பொருள் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று எடுத்த முடிவை நாளை வரப்போகிறவர் மாற்றிக்கொள்ள இடம் விட்டு வைப்பது அது. உலோகத்தைக் கழற்றினால் திரும்ப மாட்டலாம். மரத்தை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். செப்பனிடுதலில் நல்லது கெட்டது என்பதைப் பெரும்பாலும் இந்தக் கோட்டை வைத்தே பிரிக்கலாம். அடுத்த கைக்கு வாய்ப்பை மிச்சம் வைக்கிற வேலை நல்ல வேலை.

இதன் எதிர்முனையில் இன்றைய சந்தையின் விநோதம் ஒன்று இருக்கிறது. புதிதாகச் செய்த மாண்டலினின் மெருகைச் சுரண்டி, ஓரங்களைத் தேய்த்து, பல ஆண்டு வாசித்ததுபோல் காட்டி அதிக விலைக்கு விற்கிறார்கள். புதுக் கீகளை அமில ஆவியில் காட்டி மங்கவைப்பதும் உண்டு. வாங்குகிறவருக்கு வேண்டியது தெளிவு: பார்க்கப் பழசாக இருக்க வேண்டும், திருப்பப் புதுசாக இருக்க வேண்டும். காலத்தின் முகம் வேண்டும், காலத்தின் ஆட்டம் வேண்டாம். ஆசையில் தவறில்லை. ஆனால் உண்மையான பழைய வாத்தியத்தில் இரண்டும் ஒரே கைகளிலிருந்து வந்தவை. மேற்பலகையின் சாயத்தைத் தேய்த்த அதே ஆண்டுகள்தான் சக்கரத்தின் பல்லையும் தேய்த்தன. ஒன்றை அழகு என்கிறோம், மற்றதைப் பழுது என்கிறோம். வாசிக்கப்படாமல் கிடந்ததும் தப்பிப்பதில்லை. அக்காலக் குமிழ்கள் பலவற்றைச் செல்லுலாய்டில் செய்தார்கள். அது வைத்த இடத்திலேயே பல பத்தாண்டுகளில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும், அந்த ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். பூட்டி வைத்துப் பாதுகாத்த பெட்டிக்குள்ளேயே இது நடக்கும்.

எதை மாற்றலாம், எதைச் செப்பனிட்டே ஆக வேண்டும் என்பதற்கு பில் மன்றோவின் மாண்டலின் ஒரு பாடம். புளூகிராஸ் இசையின் தந்தை என்று போற்றப்படும் அவர், 1923 ஜூலை 9 என்று தேதியிட்டு லோர் கையெழுத்துப் போட்ட எஃப்-5 ஒன்றை 1940களின் நடுவில் ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தகத்தில் கண்டு 150 டாலருக்கு வாங்கினார். பிறகு அவருடைய வாழ்நாள் முழுவதும் அதுதான் அவர் குரல். 1985-ல் யாரோ வீடு புகுந்து, கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியால் அதை அடித்து நொறுக்கினார்கள். அவர் எந்தப் புது மாண்டலினையும் வாங்கியிருக்கலாம். சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் சிறு சிறு சில்லுகளையெல்லாம் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டி, வாசிக்கும்படி திருப்பிக் கொடுத்தார். மேற்பலகை நொறுங்கியது என்று வேறு பலகை போட்டுவிடவில்லை. அந்தப் பலகை போனால் அந்தக் குரல் போய்விடும். கீ போனால் குரல் போகாது. ஆகவே குரலைச் செப்பனிடு, பிடியை மாற்று என்று ஒரு விதி சொல்லிவிடலாம்போல இருக்கிறது.

ஆனால் இந்த விதி பாதி தூரம்தான் வரும். மேற்பலகையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கம்பிகள் குதிரையின் மேல் வைக்கும் அழுத்தத்தை அதன் வளைவு தாங்குகிறது. கழுத்து வளையாமல் இழுப்பை எதிர்க்கிறது. வால்தகடு மறுமுனையை விடாமல் பற்றியிருக்கிறது. பசை மூட்டுகளை விடாமல் வைத்திருக்கிறது. கம்பிக்கே குரல் எங்கிருந்து வருகிறது? இரண்டு முனையிலும் பிடிக்கப்பட்டு, விட்டால் தொய்ந்துவிடத் தயாராக, ஆனால் விடப்படாமல் நிற்பதிலிருந்து. கட்டு அவிழ்த்த கம்பியைச் சுண்டிப் பாருங்கள், சத்தமே இல்லை. ஒலி என்பது பிடிக்கப்பட்ட பொருளின் செயல். குரல் ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம் என்று வாத்தியத்தை இரண்டாக வெட்ட முடியாது. பிடிக்கப்படாதது ஒலிக்காது, பிடிப்பது தேயாமல் இராது. சுருதியில் நிற்கும் மாண்டலின் பார்க்க அசைவற்று இருக்கிறது, ஆனால் அதன் ஒவ்வொரு அங்குலமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நிலையாக நிற்பதை நாம் ஓய்வு என்று நினைத்துவிடுகிறோம். அது இடைவிடாத உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. இங்கே அது உலோகத் துகளாகக் கழிந்துகொண்டே போகிறது.

அப்படியானால் தேய்ந்த பிடியை நம்ப முடியுமா? இதற்குச் சுருதி சேர்க்கும் பழக்கத்திலேயே விடை இருக்கிறது. அனுபவசாலிகள் யாரும் மேலிருந்து இறங்கி வந்து சுரத்தில் நிறுத்துவதில்லை. சுரத்தைத் தாண்டிவிட்டால் வேண்டுமென்றே கீழே போய், மறுபடி ஏறி வந்து நிறுத்துவார்கள். இறங்கி வரும்போது திருகு பின்வாங்கும். நட்டிலும் தண்டிலும் உள்ள உராய்வால் சக்கரம் அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற உறுதி கிடையாது. நடுவில் ஒரு வெற்றிடம் நிற்கும். இரண்டு மீட்டலில் அந்த வெற்றிடம் மூடிக்கொள்ள, சுருதி சரியும். ஏறி வரும்போது திருகு பல்லைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இடைவெளி முழுவதும் முன்பே தீர்ந்துவிட்டது. கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் இனி நெகிழ்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தேய்ந்த கீயும் இப்படி நிறுத்தினால் நிற்கும். புத்தம் புதுக் கீயும் அப்படி நிறுத்தாவிட்டால் நழுவும். ஏனென்றால் புதுக் கீயிலும் பல்லுக்கும் திருகுக்கும் நடுவே ஒரு இம்மி இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் சக்கரம் சுழலவே சுழலாது.

ஆட்டமே இல்லாத பிடி என்று ஒன்று கிடையாது. இருந்தால் அது பிடியாக இராது. அசைக்கவும் திருத்தவும் முடியாத வெறும் ஒட்டலாக இருக்கும். வாத்தியத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது என்பதற்கும் அது சுருதி விலகும் என்பதற்கும் காரணம் அந்த ஒரே இம்மி இடம்தான். மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்து நிற்கும் இடங்களிலும் இதைவிட வேறாக நான் எதையும் கண்டதில்லை. நாம் நம்பிச் சாய்கிறவர்கள் தேயாதவர்களாக இருந்ததில்லை. பல ஆண்டுப் பாரம் அவர்களிடமும் ஆட்டத்தை உண்டாக்கியிருக்கிறது. ஆனாலும் பாரம் வரும் பக்கத்தில் தம் நெகிழ்வையெல்லாம் முன்கூட்டியே தீர்த்துவிட்டு நிற்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உறுதி என்பது அவ்வளவுதான். பழைய கீயை வைத்திருந்தாலும் புதுக் கீயைப் பூட்டினாலும் அது தானாக வந்துவிடாது. ஒவ்வொரு தடவையும் கீழே போய், ஏறி வந்து, இழுப்புக்கு எதிரே நின்று சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.